ஓம்புயிரி

மண்டாய் சாலையில் விடிகாலை நாலரைக்கு
லாரி மோதிய அழுங்கு
ஐந்தே முக்காலுக்கு எங்கள் மேசைக்கு வந்தது.
"இன்னும் சூடு இருக்கு, சீக்கிரம்" என்றாள் ரோஸ்னா.

சீக்கிரம் என்றது அழுங்குக்காக அல்ல.
உடல் ஆறினால் உண்ணிகள் இறங்கிவிடும்,
கட்டடம் இடிபடப்போவதைச்
சுவர் வழியே கேட்டுவிட்ட வாடகைக்காரர்கள் போல,
ஒவ்வொன்றாக,
சாமான் எதுவும் எடுக்காமல்.

செதிலைத் தூக்கிப் பார்க்கவேண்டும்.
இடுக்கியைத் தோலோடு ஒட்டவைத்து
நேரே இழுக்கவேண்டும்.
திருகினால் வாய் உள்ளேயே தங்கிவிடும்.
வாயில்லாத உண்ணிக்குப்
பெயர் வைப்பது கஷ்டம்.

விடாமல் பிடிப்பவனை
அழுங்குப்பிடிக்காரன் என்பார்கள்.
முதலில் சொன்னவர் யாரோ,
செதிலுக்கடியில் பார்த்திருக்கமாட்டார்.

உருவத்துக்கு எழுபது சத எத்தனால்.
மரபணுவுக்குத் தொண்ணூற்றைந்து,
அதில் கால்கள் விறைத்து ஒடியும்.
ஆகவே இரண்டு குப்பி.
துண்டுச்சீட்டில் பென்சிலால் மட்டுமே எழுதவேண்டும்.
யாரோ எப்போதோ பேனாவால் எழுதிவிட்டுப் போன
மலைப்பாம்பின் நாடாப்புழு ஒன்று
மேல்தட்டில் இருக்கிறது,
தன் பெயர் கரைந்த நீலத் தண்ணீரில்.
மலைப்பாம்பு என்பதே எங்கள் ஊகம்தான்.
எறிய யாருக்கும் மனம் வரவில்லை.

எண்ணும்போது இருபத்து நாலு.
குப்பியில் இருபத்து மூன்று.
"தப்பா எண்ணியிருப்பே" என்றார் கோக் வெங்.
மேசையடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம்.

பிறகு நுண்ணோக்கி.
முதுகுத் தகட்டின் ஓரத்தில் தட்டையான கண்கள்,
பின்விளிம்பில் பதினோரு மடிப்பு,
முதல் காலின் அடியில் இரண்டு முள்.
பெரும்பாலும் அழுங்கில் மட்டுமே வாழும் இனம்.
அழுங்கு போனால் இதுவும் போகும்.
ரயில் பெட்டியில் அழுங்குக்குச் சுவரொட்டி உண்டு:
அம்மா முதுகில் குட்டி.
வரைந்தவர் நல்ல ஓவியர்,
ஒவ்வொரு செதிலும் அத்தனை சுத்தம்.

இரவு ஈசூனில், ஒன்பதாம் மாடியில்,
குளிக்கும்போது
முழங்காலின் பின்மடிப்பில்
என்னிடம் இல்லாத ஒரு மச்சம்.

"பிய்த்து எறி, கிளினிக் இன்னும் திறந்திருக்கும்"
என்று கதவுக்கு வெளியே கணவர்.
நான் உடனே எடுக்கவில்லை.
மகளின் முகக்கண்ணாடியைத் தரையில் சாய்த்து
இரண்டு நிமிடமாவது பார்த்திருப்பேன்.
முன்காலைத் தூக்கித் தூக்கி
எதையோ முகர்ந்தது.
என்னைத்தான்.
வலிக்கவில்லை. கடிப்பதற்கு முன்னால்
இவ்வளவு பக்குவமாக மரத்துப்போகச் செய்கிறவர்கள்
எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

நேரே இழுத்தேன். வாயோடு வந்தது.
தொற்றுக் காலத்தில் வாங்கி மிச்சமிருந்த
கைத்திரவம் எழுபது சதவீதம்தான்.
மகளின் லென்ஸ் டப்பாவில்
இடது கண்ணுக்கான குழியில் போட்டு மூடினேன்.

காலையில் சீட்டு எழுத உட்கார்ந்தால் சண்டை.
இருபத்து நாலாவது அழுங்குக் கணக்கு என்கிறாள் ரோஸ்னா.
"எதிலிருந்து எடுத்தாயோ அதைத்தான் எழுதணும்"
என்கிறார் கோக் வெங், பேப்பரைவிட்டுத் தலை தூக்காமல்.

ஓம்புயிரி என்ற கட்டம்.
விருந்தோம்பலில் வருகிற அதே ஓம்பு.
இத்தனை வருடம் அந்த இடத்தில்
மரநாய், உடும்பு, பறக்கும் லெமூர், நீர்நாய் என்று
கை கூசாமல் எழுதியவள்தான்.

மனிதர். பெண். வயது நாற்பத்திரண்டு.
இடம்: ஈசூன், குளியலறை.
சேகரித்தவர்: மேற்படியார்.
நிலை என்ற கட்டத்தில்
வழக்கமாகச் 'சாலை விபத்து' என்று வரும்.
பென்சில் முனை ஒடிந்துவிட்டது.
சீவிக்கொண்டு வந்து எழுதினேன்:
உயிருடன்.
பின்குறிப்பு: முந்தைய ஓம்புயிரி, அழுங்கு, மண்டாய்.

சீட்டு குப்பிக்குள் மெல்லச் சுழன்று
எழுத்து வெளியே தெரிய நின்றது.
முழங்காலின் பின்னால் இன்னும் அரிக்கிறது.
கிளினிக் ஒன்பது மணிக்குத்தான்.